டால்ஸ்டாய் வழியா, பெர்க்மன் வழியா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) தொடங்கும் அரசியல் பேச்சு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. இந்த முறை, அரசே வேண்டாம் என்கிறவன் வன்முறையில் இறங்கலாமா கூடாதா என்பதில் வந்து நின்றது.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் சொல்வது நேரானது: போலீஸ், படை, சிறை என்று வன்முறையில் நிற்பதுதான் அரசு, அதை வன்முறையால் தள்ளினால் தள்ளுகிறவனே அடுத்த அரசாகிவிடுவான். அதனால் படையில் சேராதே, வரி கட்டாதே, ஒத்துழைக்காதே. 1910இல் ஜொகானஸ்பர்க் அருகே தொடங்கிய பண்ணைக்குக் காந்தியும் நண்பர்களும் அவர் பெயரையே வைத்தார்கள்.

அமெரிக்காவில் இருந்த, அவரைப் போலவே அரசு வேண்டாம் என்ற பெர்க்மன் வேறு ரகம். 1892இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைப் போராட்டத்தில் தொழிலாளர்கள் செத்த பிறகு, பிட்ஸ்பர்க்கில் நிர்வாகி ஃபிரிக்கின் அலுவலகத்துக்குள் நுழைந்து சுட்டார், குத்தினார். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார், இவருக்கு 14 வருடம் சிறை, போராட்டமும் தோற்றது. கோபம் நியாயம்தான், கணக்குத்தான் தப்பு என்பேன். ஆனால் அடி வாங்குகிறவனிடம் அகிம்சை உபதேசம் பண்ணுவதும் சுலபம்: 1941இல் மலாயாவின் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் கூலி கேட்டு வேலையை நிறுத்தியபோது அடக்க வந்தது படை.

2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணியில் காந்தி படம் பிடித்து வந்தவர்கள் மேல் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். அது பாதி டால்ஸ்டாய்தான். அகிம்சை இருந்தது, சரி, ஆனால் கொண்டுபோனது பிரிட்டிஷ் ராணிக்கான மனு. அரசே வேண்டாம் என்கிறவன் ராணிக்கு எதற்கு மனு எழுதப்போகிறான்?

என் ஓட்டு டால்ஸ்டாய்க்கு, வேலைநிறுத்தத்தையும் சேர்த்துக்கொண்டால்.