முடிவு தெரிந்து படிப்பதா, தெரியாமல் படிப்பதா?

பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஓ. ஹென்றியின் ‘இருபது ஆண்டுகளுக்குப் பிறகு’ கதை வருகிறது. காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் வரும் பிள்ளைகள் அதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். கைடில் உள்ள சுருக்கத்தை முதலில் படிப்பவர்கள் ஒரு கட்சி, பாடப்புத்தகத்தையே முதலில் எடுப்பவர்கள் இன்னொரு கட்சி. யூடியூபில் விளக்கம் கேட்டுவிட்டு வருபவர்களையும் கைடு கட்சியில்தான் சேர்க்க வேண்டும். அங்கேயும் முடிவு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது.

கைடு பக்கமும் நியாயம் உண்டு. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு, கதை இன்னதென்று தெரிந்துவிட்டால் கடினச் சொற்கள் மேல் உள்ள பயம் போய்விடும். குறிப்புகளை விரித்துப் பத்தி எழுதும் கேள்விக்குச் சம்பவ வரிசை தெரிந்தாலே போதும்.

ஆனால் இந்தக் கதைக்கு உயிரே ஒரு பெயரை மறைத்து வைப்பதில்தான் இருக்கிறது. ‘ரோந்து வரும் போலீஸ்காரர் ஜிம்மி’ என்று சுருக்கம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. மூலத்தில் அவர் வெறும் போலீஸ்காரர். நியூயார்க் தெரு, இரவு பத்து மணியை நெருங்கும் நேரம், ஹார்டுவேர் கடை வாசல் இருட்டில் பற்றவைக்காத சுருட்டோடு ஒருவன். இருபது வருடத்துக்கு முன் பேசிவைத்தபடி நண்பனைச் சந்திக்க வந்தேன் என்கிறான். சுருட்டுப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசுகிறான். சதுரத் தாடை, வலப் புருவத்தருகே சின்ன வெள்ளைத் தழும்பு. அந்த வெளிச்சம் எதற்கு என்று அப்போது யாருக்கும் தோன்றாது. கடைசிக் கடிதத்தின் கீழ் ‘ஜிம்மி’ என்ற பெயரைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு திக்கென்கிறது. காத்திருந்தவன் சிகாகோ போலீஸ் தேடும் ஆள், தீக்குச்சி வெளிச்சத்தில் அதைக் கண்டுகொண்ட அந்தப் போலீஸ்காரரே அவன் பார்க்க வந்த நண்பன். கைடு கட்சிக்கு அந்த நொடி கிடைப்பதே இல்லை.

இதைச் சொன்னபோது ஒரு பையன் மடக்கினான்: “டீச்சர், எங்க ஐயா வருசா வருசம் கம்பன் விழாவுக்குப் போறாக. கதை தெரிஞ்சுதானே உக்காந்து கேக்குறாக?”

அன்று என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1939-இல் சா. கணேசன் தொடங்கிய விழா அது. ராமனுக்கு முடிசூட்டு நடக்குமா என்று அங்கே யாரும் பதறுவதில்லை. கைகேயி வாயில் கம்பன் என்ன சொல்லை வைத்தான் என்பதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். பையன் கேட்டது சரிதான். ஆனால் அவன் ஐயாவும் சின்ன வயதில் யாரோ சொல்ல, “அப்புறம்?” என்று கேட்டுத்தான் ராமன் கதையைத் தெரிந்துகொண்டிருப்பார். பந்தலில் அவர் கேட்பது நூறாவது முறை. முதல் முறை ஒன்று இருந்ததால்தான் அது இனிக்கிறது.

மதிப்பெண்ணுக்கு உதவுவதும் இரண்டாம் முறை படிப்பதுதான். நம் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்றால் உள்முற்றமான வளவு, இரண்டாங்கட்டு என்று வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை கண் போகும். முடிவு தெரிந்து திரும்பப் படிக்கும்போது இந்தக் கதையும் அப்படித்தான் திறக்கிறது. நண்பன் நேரத்துக்கு வராவிட்டால் கிளம்பிவிடுவாயா என்று போலீஸ்காரர் கேட்கிறார். குறைந்தது அரைமணி நேரம் பார்ப்பேன் என்கிறான் அவன். முதல் வாசிப்பில் அது வெறும் பேச்சு. அடுத்ததில்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

ஜிம்மி ஏன் தானே கைது செய்யவில்லை என்று கேட்டால், கைடு கட்சி ‘நட்பைவிடக் கடமை பெரிது’ என்று ஒரே அச்சில் எழுதிவைக்கும். அது பாதிப் பதில். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்துக்கு அவன் வந்தான், கைது செய்ய மட்டும் மனம் வரவில்லை, அதனால்தான் சாதாரண உடையில் வேறு போலீஸ்காரரை அனுப்பினான். கடிதத்தில் அவனே அப்படித்தான் எழுதுகிறான். நட்பு அங்கே தோற்கவில்லை.

இப்போதெல்லாம் முதல் நாள் மூலம் மட்டும். நீண்ட கோட்டும் காதுவரை தூக்கிய காலருமாக, ஜிம்மி போல ஒருவன் வரும் இடத்தில் புத்தகத்தை மூடச் சொல்வேன், வந்தது யார் என்று பென்சிலால் எழுதுவார்கள். மறுநாள் இரண்டாம் வாசிப்பு. கைடுக்கு வேலை தேர்வுக்கு முந்தின இரவில்தான். போன வாரம் ஒரு பெண் ‘ஜிம்மி’ என்று எழுதி, பக்கத்திலேயே சின்னதாகக் கேள்விக்குறி போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அந்தப் போலீஸ்காரர் ஏன் டீச்சர் அவ்வளவு நேரம் நின்னு பேசுனாரு?” என்றாள்.