அபராதமா, சமரசமா, விசாரணையா? சின்ன கிரிமினல் வழக்கு முடியும் வழிகள்

காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் நின்று பாருங்கள். முதல் வாய்தாவுக்கு வந்தவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஃபைன் கட்டிட்டு இன்னைக்கே முடிச்சிடலாமா சார்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கூலி போய்விட்டது. கூட வந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "ஒத்துக்கோப்பா, ஆயிரம் ரெண்டாயிரத்தோட போயிடும்" என்று சொல்லவும் பக்கத்தில் யாராவது இருப்பார்கள்.

அந்த யோசனையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். வழக்கு எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், தீர்ப்பில் எழுதப்படும் வார்த்தை கண்ணில் படாமல் போகும். தண்டனை, விடுதலை, இந்த இரண்டில் எது அந்தத் தாளில் இருக்கிறது என்பதுதான் பின்னாளில் ஆளைத் துரத்தும்.

நம் ஊர்களில் அதிகம் பார்க்கும் வழக்கையே எடுத்துக்கொள்வோம். சாக்கடைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிறது. வாய்த்தகராறு, ஒரு அறை, "உன்னைத் தொலைச்சிடுவேன்" என்று ஒரு சத்தம். எஃப்.ஐ.ஆரில் புதுக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மூன்று பிரிவுகள் வரிசையாக வரும்: ஆபாசமாகத் திட்டியதற்கு 296(பி), அடித்ததற்கு 115(2), மிரட்டியதற்கு 351(2). 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவம் என்றால் இதே மூன்றும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) என்று இருக்கும். அதிகபட்சத் தண்டனை முறையே 3 மாதம், 1 வருடம், 2 வருடம். இல்லையென்றால் அபராதத்தோடு விடலாம்.

முதல் வழி, குற்றத்தை ஒப்புக்கொள்வது. நடுவர் கேட்பார், இவர் "ஆமாங்கய்யா" என்பார், அபராதம் எழுதப்படும், மதியத்துக்குள் ரசீது கையில். இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் அந்த "ஆமாங்கய்யா"வுக்குச் சட்டத்தில் பெயர் தண்டனை. சிறைக்குப் போகவில்லை என்பதால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது. தானே ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் சுருங்கிவிடும். தண்டனையின் அளவு அதிகம், அல்லது அது சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் வாதாடலாம். "நான் அடிக்கவே இல்லை" என்று திரும்பிப் போக முடியாது. ஐந்து வருடம் கழித்து அரசு வேலைக்குத் தேர்வாகி, சரிபார்ப்புப் படிவத்தில் 'எப்போதாவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா' என்ற கட்டத்துக்கு முன்னால் பேனாவோடு உட்காரும் பையனிடம் கேட்டால் தெரியும், அந்த ஆயிரம் ரூபாயின் உண்மையான விலை.

வண்டி சம்பந்தமான சில்லறை வழக்குகளில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கைச் சில்லறை என்று நினைக்காதீர்கள். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது.

அடுத்தது சமரசம். என்னைக் கேட்டால் பக்கத்து வீட்டுச் சண்டைக்கு இதுதான் முதலில் தட்ட வேண்டிய கதவு. நாளைக்கும் அதே தெருவில்தான் இரண்டு குடும்பமும் வாழ வேண்டும். சட்டப்படி சமரசம் பதிவானால் அதன் பலன் விடுதலை. குற்றம் செய்தார் என்று எங்கும் எழுதப்படாது. மக்கள் நீதிமன்றத்திலும் இப்படி முடிக்கலாம், கட்டணம் இல்லை.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அடித்தது, மிரட்டியது இரண்டையும் சமரசம் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆபாசமாகத் திட்டிய 296(பி)யை அனுமதிக்கவில்லை! அறைந்ததை மன்னிக்கலாம், திட்டியதை மன்னிக்க முடியாது என்றால் கேட்பவருக்குத் தலை சுற்றும். அப்புறம் அந்தப் பிரிவு ஏன் எல்லா எஃப்.ஐ.ஆரிலும் வருகிறது? 115(2)-க்கு மட்டும் என்றால் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. 296(பி) சேர்ந்தால் முழு வழக்கையும் போலீஸ் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் பதிய வசதியாக இருக்கும் அதே பிரிவுதான் ராஜியாகப் போகும்போது குறுக்கே நிற்கிறது. மக்கள் நீதிமன்றத்தாலும் சமரசத்துக்கு இடமில்லாத பிரிவைத் தொட முடியாது. அந்தப் பிரிவுக்காக உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டக்காரர்கள் என்றால் மதுரைக் கிளையில், இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டியிருக்கும். தனிப்பட்ட தகராறுகளை இப்படி ரத்து செய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு என்று 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வழி இருக்கிறது, செலவும் அலைச்சலும் கூடுதல்.

அந்தச் செலவுக்குப் பயந்து பலர் இறங்கும் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. வெளியே பேசி முடித்துவிட்டு, புகார் கொடுத்தவரே கூண்டில் ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாது, போலீஸ்ல எதுல கையெழுத்து வாங்கினாங்கன்னே தெரியாது" என்று சொல்வது. பிறழ் சாட்சி. வழக்கு தோற்கும், விடுதலை கிடைக்கும். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல வைப்பது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விடுதலையே அரைகுறைதான். தமிழ்நாட்டில் காவலர் பணி நியமன விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சமரசத்தில் வந்த விடுதலையைக்கூட காவல்துறை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பதுதான் 2013-ல் மெஹர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஆக, வீட்டில் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளை மீது வழக்கு என்றால் கணக்கே வேறு.

அப்படிப்பட்டவர்களுக்கும், நிஜமாகவே தப்பு செய்யாதவர்களுக்கும் முழு விசாரணைதான் நான் சொல்லும் வழி. நீளமானது, மறைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தா விழும். வர முடியாத நாளில் மனுப் போட வேண்டும். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்த மனுவுக்கான பிரிவு எண் 317-லிருந்து 355 ஆனபிறகும் கோர்ட்டில் "ஒரு 317 போட்டுருங்க" என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். அதையும் போடாமல் விட்டால் பிடியாணை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் எடுக்க கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது குறுக்கு விசாரணை. சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்துப் புகார் வந்தது? காயச் சான்றிதழில் டாக்டரிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்? சாட்சிகள் அத்தனை பேரும் சொந்தக்காரர்களா? 296(பி)க்கு, பொது இடத்தில் நடந்ததா, பேசிய வார்த்தை என்ன, அதனால் பிறருக்குத் தொந்தரவு ஏற்பட்டதா என்பதையெல்லாம் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நன்றாக நடத்தினால் 'சம்பவமே நிரூபிக்கப்படவில்லை' என்ற தீர்ப்பு வரும். தோற்றாலும் மேல்முறையீடு இருக்கிறது. முதல் தடவைக் குற்றம் என்றால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் கண்டித்தோ ஜாமீன் பத்திரம் வாங்கியோ விடும்படி கேட்கலாம்.

பேரம் பேசி ஒப்புக்கொள்ளும் முறை ஒன்றும் 2006 முதல் சட்டத்தில் இருக்கிறது. 7 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கும் கிடையாது. நீதிமன்றம் குற்றச்சாட்டை முறைப்படி எழுதிப் பதிந்த (வனைந்த) 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பேசலாம், முதல் தடவைக் குற்றவாளிக்குத் தண்டனை ஆறில் ஒரு பங்காகக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதுவும் தண்டனைதான், வழக்கமான மேல்முறையீடும் இல்லை. அபராதத்தோடு முடியக்கூடிய தெருச் சண்டைக்கு இதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எந்த வழி என்று அன்றைக்கே, அந்தக் கூண்டிலேயே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. குற்றப்பத்திரிகை நகல் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் வைத்துக் கொடுக்கும். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், "ஐயா, எனக்கு நகல் வேணும், வக்கீல் வைக்க ஒரு வாய்தா கொடுங்க" என்று சொன்னால் போதும்.