ஹைப்பர் உணரி: பாக்டீரியாவுக்குள் பெராக்சைடை அளக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஈ. கோலை செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு கூடினால் அதைக் கண்டுகொள்வது ஆக்ஸிஆர் புரதம். அதன் 199-வது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து 208-வது சிஸ்டீனுடன் டைசல்ஃபைடு (இரு கந்தக அணுக்களுக்கு இடையிலான) பிணைப்பு போட்டுக்கொள்ளும். பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி உள்ளிட்டவற்றுக்கான பாதுகாப்பு மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். இதே புரதத்தின் உணரும் பகுதிக்குள் மஞ்சள் ஒளிர்புரதத்தைச் செருகி 2006-ல் வெளிவந்ததுதான் ஹைப்பர் (HyPer) உணரி. 420, 500 நானோமீட்டரில் மாறிமாறித் தூண்டி, 516-ல் ஒளிர்வை அளந்து, 500/420 விகிதத்தைப் பார்க்க வேண்டும். விகிதம் என்பதால், செல்லுக்குச் செல் உணரியின் அளவு மாறினாலும் கணக்கு பெரிதாகக் கெடாது.

பெராக்சைடை அளக்க டிசிஎஃப் (DCF) என்ற ஒளிர் சாயத்தை இன்னும் பயன்படுத்துபவர்கள் தயவுசெய்து இதற்கு மாறுங்கள். அந்தச் சாயம் பெராக்சைடுடன் நேரடியாக வினைபுரிவதில்லை. நடுவில் இரும்போ பெராக்சிடேஸோ வேண்டும். போதாததற்கு, வினையின்போது சாயமே சூப்பராக்சைடை உண்டாக்கும்.

ஹைப்பரின் பெரிய குறை பிஎச். செல்லுக்குள் பிஎச் ஏறினாலே, பெராக்சைடு துளியும் கூடாமல் விகிதம் ஏறிவிடும். 199-வது சிஸ்டீனைச் செரின் என்ற அமினோ அமிலமாக மாற்றியதால் பெராக்சைடை உணராமல் பிஎச்சை மட்டும் காட்டும் சைஃபர் (SypHer) வடிவத்தையும் கூடவே ஓட்டாத முடிவுகளை ஏற்க முடியாது. 2020-ல் வந்த ஹைப்பர்7 நைசீரியா மெனிஞ்சைடிடிஸ் ஆக்ஸிஆரிலிருந்து உருவானது. பிஎச் தொல்லை மிகக் குறைவு, ஒளிர்வும் அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே எடுக்கலாம்.

சோதனை சொதப்புவது பெரும்பாலும் உணரியால் அல்ல, வளர்ப்பால். பாக்டீரியா வளர்க்கும் எல்பி (LB) ஊடகத்தில் உள்ள ரிபோஃப்ளேவின் தானே ஒளிரும், வெளிச்சம் பட்டால் பெராக்சைடும் தரும். செல்களை எம்9 (M9) என்ற எளிய உப்பு ஊடகத்தில் கழுவி, செல்களின் செறிவைக் காட்டும் ஒளி அடர்த்தி (OD) 0.1 அளவில் வையுங்கள். 1.0 அளவில் வைத்தால், சேர்த்த பெராக்சைடைச் செல்களே சில நிமிடங்களில் தீர்த்துவிடும். உணரி மந்தமானது என்று தோன்றும். கடையில் கிடைக்கும் 30 சதவீதப் பெராக்சைடு கரைசல் ஏறத்தாழ 9.8 மோலார். அன்றன்றே நீர்த்து, 240 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைச் சரிபாருங்கள்: 10 மில்லிமோலாருக்கு 1 செ.மீ. குவெட்டில் 0.436 வர வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் உணரியை முழுதாக ஆக்சிஜனொடுக்கம் செய்ய 10 மில்லிமோலார் டிடிடி (DTT) இட்ட குழி ஒன்றும், பெராக்சைடால் முழுதாக ஆக்சிஜனேற்றிய குழி ஒன்றும் இருக்கட்டும். இவை இல்லாமல் விகிதத்தை விளக்க முடியாது.

விகிதம் ஏறிப் பின் இறங்குவதைப் பெராக்சைடு தீர்ந்ததாக மட்டும் படிக்காதீர்கள். ஆக்ஸிஆர் தூண்டும் குளூட்டாரெடாக்சின் என்ற புரதம் உணரியின் டைசல்ஃபைடு பிணைப்பையும் ஆக்சிஜனொடுக்கம் செய்து பழைய நிலைக்குத் திருப்பும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி போன்றவற்றுக்கு, சாக்ஸ்ஆர் என்ற வேறொரு உணர் புரதம் காட்டும் பதிலை ஹைப்பரால் பார்க்க முடியாது. பெராக்சைடு மட்டுமே அதற்குத் தெரியும். காற்றில்லா வளர்ப்புக்கும் இது ஆகாது. ஒளிர்புரதம் முதிர ஆக்சிஜன் வேண்டும்.