பீங்கான் ஜாடி: கூரியரா, கையோடு ரயிலா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் வாங்கியதும் அடுத்து வரும் கேள்வி இதுதான்: ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது?

நான் முதலில் வாங்கிய ஊறுகாய் ஜாடியைக் கூரியரில் போட்டேன். சென்னையில் பெட்டியைத் தூக்கியதுமே உள்ளே கலகலவென்று சத்தம். ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை; மூடிதான் மூன்று துண்டு. மூடியை ஜாடி மேலேயே வைத்துக் கட்டியதுதான் தப்பு. வழியெல்லாம் பீங்கானும் பீங்கானும் முட்டிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த வாய்க்குப் பொருந்தும் மூடி இன்னும் கிடைக்கவில்லை, மனசும் ஆறவில்லை.

கூரியர்தான் வழி என்றால் மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். ஜாடிக்குள் பழைய துணியைத் திணியுங்கள். அப்புறம் பெட்டிக்குள் பெட்டி. இடையில் எல்லாப் பக்கமும் 2 அங்குலத்துக்குக் காகிதமோ வைக்கோலோ இறுக்கமாக இருக்கட்டும். டேப் ஒட்டும் முன் குலுக்கிப் பாருங்கள், எதுவும் அசையக் கூடாது.

பல்லவன் எக்ஸ்பிரஸில் கையோடு எடுத்துவந்தால் இவ்வளவு வேலை இல்லை. துண்டில் சுற்றி, கட்டைப்பையில் போட்டு, காலடியில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டுக்கு மேல் முடியாது.

எனாமல் பாத்திரத்துக்குக் கூரியரே போதும். இரும்பின் மேல் கண்ணாடிப் பூச்சு, அவ்வளவுதான். இடிபட்டால் பூச்சு பெயர்ந்து துரு ஏறும், அதனால் அடுக்கும்போது நடுவே துணி வேண்டும். கண்ணாடி ஓவியத்தை மட்டும் கூரியரில் விடவே மாட்டேன். வண்ணம் கண்ணாடியின் பின்புறத்திலேயே தீட்டியிருக்கும். கண்ணாடி போனால் படமும் போச்சு. அதற்காக இன்னொரு முறை காரைக்குடிக்கு டிக்கெட் எடுப்பேன்.