தோள் அறுவை சிகிச்சை: “இரண்டு மடங்கு பலம்” என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

என் தம்பி கபடி ஆடுபவன். வலது தோள் ஐந்து முறை நழுவி, மூட்டுக் கிண்ணத்தின் முன்விளிம்பு தேய்ந்துவிட்டது. லாட்டர்ஜே அறுவை சிகிச்சை தேவை என்றார்கள். 1954இல் பிரெஞ்சு மருத்துவர் மிஷேல் லாட்டர்ஜே எழுதிவைத்த முறை அது. தோளின் முன்னால் காக்கை அலகுபோல நீண்டிருக்கும் எலும்பின் நுனியை வெட்டித் தேய்ந்த இடத்தில் பொருத்துவார்கள். சிகிச்சை சரியானதுதான். நாங்கள் ஏமாந்தது அந்தத் துண்டை எதைக் கொண்டு பொருத்துவது என்பதில்.

“ஸ்குரூ உடைந்துவிடும், நூலும் பட்டனும் உள்ள புது முறை இரண்டு மடங்கு பலம்” என்று சொல்லி 70,000 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். ஸ்குரூவுக்குப் பதில், பட்டன் போன்ற சிறு தகடுகளை வைத்து உறுதியான நூலால் துண்டை இறுக்கிக் கட்டுவதுதான் அந்த முறை. அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவ்வளவு பலம் என்பதால் ஆறாம் வாரமே எடை தூக்கலாம் என்றும் சொன்னார்கள். அவனும் தூக்கினான். ஐந்தாம் மாதம் வலி தாங்காமல் வேறு மருத்துவரிடம் போய் சிடி ஸ்கேன் எடுத்தோம். எலும்புத் துண்டு ஒட்டவே இல்லை, சற்றுத் திரும்பியும் இருந்தது.

அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இந்தப் பலக் கணக்கெல்லாம் பெரும்பாலும் இறந்தவர்களின் எலும்பை இயந்திரத்தில் பூட்டி இழுத்துப் பார்த்தவை. அங்கே எலும்பு ஒட்டுவதில்லை, முதல் நாள் பிடிமானம் மட்டுமே தெரியும். ஒரே இழுப்பில் அறுத்தார்களா, பலநூறு முறை ஆட்டிப் பார்த்தார்களா என்பதைப் பொறுத்து விடையும் மாறும். சில சோதனைகளில் இரண்டும் சமம், சிலவற்றில் ஸ்குரூவே மேல். இரண்டு ஸ்குரூக்கள் இரண்டு இடங்களில் பிடிப்பதால் துண்டு சுழல்வது கடினம், ஒற்றைப் பட்டனுக்கு அந்த வசதி குறைவு. ஸ்குரூத் தலை உரசுவது, ஸ்குரூ வளைவது போன்ற தொல்லைகள் இல்லாததுதான் பட்டனின் உண்மையான நன்மை. அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நாங்களே யோசித்து முடிவெடுத்திருப்போம். எதைப் போட்டாலும் எலும்பு ஒட்டும்வரை தோளைக் காக்க வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

முழங்கால் மாற்று மூட்டுக்கு 2017இல் அரசு விலை உச்சவரம்பு வைத்தது. தோளில் வைக்கும் இந்த ஸ்குரூ, பட்டனுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. ஆகவே உள்ளே வைத்த பொருள் எது என்று காட்டும் கம்பெனி ஸ்டிக்கர் உங்கள் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று டிஸ்சார்ஜ் அன்றே பாருங்கள். எடை தூக்கவோ ஆடவோ அனுமதிக்கும் முன் எலும்பு ஒட்டியதை ஸ்கேனில் காட்டச் சொல்லுங்கள். தம்பியின் கோப்பில் ஸ்டிக்கரே இல்லை. அடுத்த மாதம் அவன் இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து மறுபடி அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள்.