ஏணை, பாய், கட்டில், பேபி கொட்: பச்சைப்பிள்ளைக்கு எது நல்ல படுக்கை?

பிள்ளை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தப் பேச்சுத் தொடங்கிவிடும். அம்மம்மா பழைய நூல்சேலையைத் தோய்த்து ஏணைக்கென்று, அதாவது சேலையில் கட்டும் தொட்டிலுக்கென்று, மடித்து வைப்பார். கனடாவில் இருக்கும் சித்தி சாய்வுத் தொட்டில் ஒன்றை அனுப்பப்போவதாகச் சொல்வார். தகப்பன் பேபி கொட், அதாவது சுற்றிக் கம்பி அடைத்த குழந்தைக் கட்டில், என்ன விலை என்று விசாரிப்பார். தாய்க்கோ பிள்ளை தன் பக்கத்தில் கட்டிலிலேயே கிடந்தால் போதும். எல்லாம் அன்பில் வருகிற யோசனைகள்தான். ஆனால் பிள்ளையின் மூச்சுக்கு எல்லாம் ஒன்றல்ல.

முதல் சில மாதங்களில் பிள்ளையின் தலை பாரம், கழுத்து பலவீனம். நாடி நெஞ்சில் முட்டும்படி மடங்கினால் ஒடுங்கிய மூச்சுக்குழாய் அடைபடும். முகம் மெத்தையிலோ துணியிலோ புதைந்தால் தானாகத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடக்கும். நித்திரையிலே நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள்தான் உச்சம். அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாத்தியே படுக்க வைக்கும்படி பெரிய பிரசாரம் தொடங்கி, அதற்குப் பிறகு அந்த வகை மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. புது மருந்தோ கருவியோ வந்ததால் அல்ல, படுக்க வைக்கும் விதம் மாறியதால். அதனால் எந்தப் படுக்கையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இவைதான்: மட்டமாக இருக்கிறதா, அமுங்காமல் இருக்கிறதா, பிள்ளையைத் தவிர வேறொன்றும் அதில் இல்லாமல் இருக்கிறதா.

இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் ஏணைதான் முதலில் தோற்கிறது. சொல்ல மனம் வரவில்லை. கூரை வளையில் கட்டிய சேலைக்குள் ஓராட்டி வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். பிள்ளையை அது அணைத்துக்கொள்கிறது, எறும்பு ஏறாது, காற்றுப் படும், தாய் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் மரக்கறி வெட்டலாம். சத்தம் போட்டு அழுகிற பிள்ளையை இவ்வளவு கெதியாக அடக்கும் சாமான் வேறில்லை. ஆனால் ஒருதரம் ஏணைக்குப் பக்கத்தில் குனிந்து, சேலையை விலக்கிப் பாருங்கள். முதுகு வில்லாக வளைந்திருக்கும். நாடிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் போகாது. இரண்டு பக்கச் சேலையும் கன்னத்தை ஒட்டிக் கிடக்கும். வெளியில் நிற்பவருக்கோ முகமே தெரியாது. சேலை ஓரங்களை விரித்துப் பிடிக்க நடுவில் தடி வைத்தால் முகம் தெரியும், காற்றும் வரும், வளைவு போகாது. ஸ்பிரிங் பூட்டிய கடைத் தொட்டிலுக்கும் இதே குறைதான். பிள்ளை புரளத் தொடங்கிய பிறகு விழுகிற பயம் வேறு. வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் வெறும் ஏணையில் ஊஞ்சலாடி கழுத்தில் முறுக்கிக்கொள்ளாதபடி, பிள்ளையைத் தூக்கியதும் அதை அவிழ்த்துவிட வேண்டும்.

ஏணையை எரித்துவிடச் சொல்லவில்லை. பகலில், ஒருவர் பக்கத்திலேயே இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டட்டும். கண் செருகியதும் தூக்கி மட்டமான இடத்தில் கிடத்தட்டும். இரவு முழுக்க ஏணையில் விடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிடத்தும்போது முழித்துவிடுமே என்பார்கள். சில நாள் முழிக்கும். முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை என்று மெதுவாக இறக்கி, நெஞ்சில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அனேகமாக அடங்கும்.

ஏணைக்கு எதிரே இருக்கிற பழைய ஏற்பாடு நிலத்துப் பாய். இதை ஏழை வீட்டு வழி என்று இப்போது தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய கவலை. பன்பாயின் மேல் இரண்டாக மடித்த பருத்தி விரிப்பை இழுத்து விரித்தால் மட்டம், உறுதி, விழ உயரமும் இல்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் கேட்கிற படுக்கை இதுதான். மெல்லிய, இறுகிய தும்பு மெத்தையும் சரி. நடுவில் குழி விழுந்த பழைய தும்பு மெத்தையும் இலவம் பஞ்சு மெத்தையும் சரிவராது. உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். கை பதிந்த இடம் பள்ளமாகவே நின்றால் அது பச்சைப்பிள்ளைக்கு ஆகாது.

பாயின் எதிரி நிலம்தான். எறும்பு, பூரான், மாரியில் சீமெந்து நிலத்தின் ஈரம். கட்டுவிரியன் இரவில் கடிப்பது பெரும்பாலும் நிலத்தில் படுப்பவர்களைத்தான். இதற்கெல்லாம் சேர்த்து நுளம்பு வலையை நன்றாக இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் பாயின் அடியில் செருகிவிட வேண்டும். வலை தொய்ந்து முகத்தில் விழவும் கூடாது. பகலிலும் வலை வேண்டும். இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று கொடுத்துவிட்டது, ஆனால் டெங்கு யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு மாரிக்கும் தலைதூக்குகிறது. டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும்தான் கடிக்கும். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துவது பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான்.

சீசர் செய்த தாய்க்குப் பாய் பெரும் பாடு. இரவில் நாலு தரம் குனிந்து நிமிர வயிறு விடாது. அந்த வீட்டுக்குக் கொட்தான் சரி. தாயின் கட்டிலோடு ஒட்டிப் போட்டால் கை நீட்டினாலே பிள்ளையைத் தொடலாம், தூக்கலாம். தனி அறையில் வைக்க வேண்டாம். குறைந்தது ஆறு மாதமாவது தாயின் அறையிலேயே கிடக்கட்டும். புதிதாக வாங்க வசதியில்லாமல் சொந்தக்காரரிடம் வாங்கினால் கம்பிகளுக்கு நடுவே 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. ஒரு பக்கம் கீழே இறங்கும் பழைய மாதிரி கொட் வேண்டாம். அந்தப் பக்கம் கழன்று பிள்ளைகள் இடையில் சிக்கி இறந்ததால் 2011இல் அமெரிக்கா அதன் விற்பனையையே தடுத்தது. சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு, பொம்மை, குட்டித் தலையணை எல்லாம் அலுமாரியில் இருக்கட்டும்.

கனடாச் சித்தியின் சாய்வுத் தொட்டில்? 10 பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளையும் கொட்டைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளையும் அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. முழித்திருக்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் இருத்தி வைக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக நல்ல வலை ஒன்று அனுப்பச் சொன்னால் சித்தி கோபிக்கமாட்டார்.

பெரிய கட்டில் விஷயத்தில் நான் தாய்மாரோடு சண்டை பிடிக்க விரும்பவில்லை. பால் கொடுக்கிற தாய் களைத்து அப்படியே கண் அயர்வது நடக்கிற காரியம். ஆனால் அந்தக் கட்டிலில் ஸ்பொஞ் மெத்தை, இரண்டு பெரியவர்கள், நாலு தலையணை, போர்வை, சுவரோரம் ஒரு இடுக்கு எல்லாம் இருக்கின்றன. விழாமல் இருக்க என்று பிள்ளையைச் சுற்றித் தலையணையை அடுக்குவதுதான் இதில் மோசம். தகப்பன் குடித்திருந்தாலோ, வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தாலோ, பிள்ளை மாதம் குறையப் பிறந்திருந்தாலோ ஒரே கட்டில் வேண்டவே வேண்டாம். பால் கொடுக்கும்போது கண் அயரும் என்று தெரிந்தால் தலையணைகளை முதலே எடுத்துவிட்டு, படுத்தபடி கொடுங்கள். முழித்ததும் பிள்ளையை அதன் இடத்தில் கிடத்துங்கள்.

கட்டிலைவிட மிகக் கெட்டது செற்றி, அதாவது சோபா. அப்பப்பாவின் சாய்மனைக் கதிரையும் அதே வகைதான். நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அவரும் நித்திரையாகிவிடுவது பார்க்க அழகு, ஆனால் பிள்ளை மெல்லச் சரிந்து கைக்கும் துணிக்கும் நடுவில் முகம் புதைய ஒரு நிமிஷம் போதும். தாத்தாக்கள் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போது பக்கத்தில் ஒருவர் முழித்திருக்க வேண்டும்.

எங்கே கிடத்தினாலும் மல்லாத்தியே கிடத்துங்கள். பால் கக்கினால் புரைக்கும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மேலே ஏறித்தான் மூச்சுக்குள் போக வேண்டும். தலை தட்டையாகும் என்றால், முழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். சித்திரை வெயிலில் தொப்பி, காலுறை, கம்பளி எல்லாம் வேண்டாம், ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் நிறையோடு படுக்கிற இடத்தையும் காட்டிக் கேளுங்கள். அம்மம்மா நாங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதைக் கேட்பார்.

புரளத் தொடங்கியதும் துணியால் சுற்றிக் கிடத்துவதை நிறுத்திவிட வேண்டும். பிடித்து எழும்பத் தொடங்கினால் கொட்டின் அடித்தட்டைக் கீழே இறக்கி, யன்னல் சீலையின் கயிற்றையும் ஃபான் வயரையும் கை எட்டாத தூரத்துக்கு மாற்ற வேண்டும்.