எவர்சில்வர் உடலா, அலுமினிய உடலா: மூன்று மின்சாரப் பிக்கப்புகளின் உழைப்பும் பயனும்

2019 நவம்பரில் கலிஃபோர்னியாவில் டெஸ்லா, வண்ணம் பூசாத எவர்சில்வர் உடல் கொண்ட மின்சாரப் பிக்கப்பான சைபர்ட்ரக்கை அறிமுகம் செய்தபோது, மேடையில் அதன் கதவைச் சம்மட்டியால் அடித்துக் காட்டினார்கள், கதவு நசுங்கவில்லை. அடுத்து உலோக உருண்டையை எறிந்தபோது சன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 நவம்பர் இறுதியில், முதல் வண்டிகள் உரிமையாளர்களின் கைக்கு வந்தன. வண்டியின் தகடு வண்டியிலேயே வலுவான பகுதி என்பதும், அதன் அருகில் இருப்பவை அந்த அளவுக்கு வலுவாக இல்லை என்பதும் அந்த மேடையிலேயே தெரிந்துவிட்டன. அதே அமெரிக்கச் சந்தையில் அதற்குப் போட்டியாக நின்ற ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், ரிவியன் ஆர்1டி ஆகிய இரண்டுடன் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது.

முதலில் துரு. எவர்சில்வர் என்று நாம் வழங்கும் பெயர், அது என்றென்றும் பளபளக்கும் என்று நம்மை நினைக்க வைக்கிறது. வேதியியல் அவ்வளவு தாராளமாக வாக்குக் கொடுப்பதில்லை. இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது, மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. இந்தப் படலத்தின் எதிரி, உப்பிலுள்ள குளோரைடு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் அந்த எதிரி மாதக்கணக்கில் வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். 2024 தொடக்கத்தில் சில உரிமையாளர்கள் பார்த்த ஆரஞ்சுப் புள்ளிகளுக்குக் காரணம், வெளியிலிருந்து வந்து படிந்த இரும்புத் துகள்கள் துருப்பிடித்தது என்றும், அவற்றைத் துடைத்து நீக்கிவிடலாம் என்றும் டெஸ்லா தரப்பு விளக்கியது. அந்த விளக்கம் அறிவியலுக்குப் பொருந்துவதே. ஆனால் பறவை எச்சம், மரப்பிசின், செத்த பூச்சி, சாலை உப்பு ஆகியவற்றை உடனே நீக்க வேண்டும் என்று வண்டியின் கையேடே சொல்லும்போது, பராமரிப்பே வேண்டாத உடல் என்ற எண்ணம் பொய்த்துப் போகிறது.

லைட்னிங்கின் உடல் அலுமினியக் கலவை. 2015 மாடலிலிருந்து பெட்ரோல் எஃப்-150-க்கும் அதுவே. அலுமினியத்தில் செந்துரு வராது. வண்ணப்பூச்சு உதிர்ந்த இடத்தில் வெண்ணிறப் பொடி பூத்துப் பூச்சு கொப்பளிக்கலாம். ஆனால் அந்த உடலைத் தாங்கும் சட்டம் எஃகினால் ஆனது. உப்புச் சாலையில் அதற்குத் துரு வரும். 1981 முதல் சில ஆண்டுகள் மட்டுமே தயாரான டெலோரியன் காரின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. அதன் எவர்சில்வர் தகடுகள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன. அடியிலுள்ள, எபாக்ஸி பூசிய எஃகுச் சட்டம்தான் பல கார்களில் அரித்துப்போனது. பழைய பிக்கப் வாங்குபவர் எந்த வண்டியானாலும் முதலில் அடியில் குனிந்து பார்ப்பது நல்லது.

நசுங்கலும் பழுதும்தான் இந்த ஒப்பீட்டின் மையம். சாதாரணக் கார்களின் உடல் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது; சைபர்ட்ரக்கின் தகடு 1.4 முதல் 1.8 மில்லிமீட்டர் வரை. வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டியின் கதவு இடிப்பது, தள்ளுவண்டி உரசுவது போன்ற அன்றாடத் தொல்லைகளில் அது மற்ற இரண்டையும் எளிதில் வெல்லும். லேசான கீறலை, தகட்டின் இழைக்கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்து மறைக்கவும் முடியும். ஆனால் ஒருமுறை உண்மையாகவே நசுங்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. பள்ளத்தைப் பூச்சுமாவால் நிரப்பி மேலே வண்ணம் அடிப்பது என்ற வழக்கமான வழி, வண்ணமே இல்லாத வண்டிக்குப் பயன்படாது. இந்த வகை எஃகு வளைக்க வளைக்கக் கடினமாகிக்கொண்டே போகும்; தட்டினால் பழைய நிலைக்குத் துள்ளித் திரும்பப் பார்க்கும். ஆகவே பெரும்பாலும் முழுத் தகட்டையும் மாற்றுவதே வழி. வண்டியின் கோணல்மாணலான உருவத்துக்கும் இந்தப் பிடிவாதமே ஒரு காரணம்.

அலுமினியப் பழுதுபார்ப்பும் எளிதன்று. எஃகுத் துகள் கலக்காத தனி இடமும் தனிக் கருவிகளும் வேண்டும். ஆயினும் ஃபோர்டின் பணிமனைகளும் வெளிப் பட்டறைகளும் பத்தாண்டுகளாக அதைச் செய்து பழகிவிட்டன. லைட்னிங்கின் அறைப்பகுதி பெட்ரோல் எஃப்-150-உடன் பெருமளவு பொதுவானது என்பதால், கதவும் கண்ணாடியும் கிடைப்பது கடினமில்லை. ஃபோர்டு 2025 டிசம்பரில் இந்த முழு மின்சார லைட்னிங்கின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகும் இந்தச் சாதகம் அப்படியே நிற்கிறது. ஆர்1டியின் நிலை இரண்டுக்கும் இடையில் இல்லை, இன்னும் மோசம் என்பேன்: முன்கூரைத் தூணிலிருந்து பின்பெட்டி வரை பக்கவாட்டுத் தகடு ஒரே துண்டாக ஓடுவதால், பின்மூலையில் வாங்கிய சிறு இடிகூடப் பெரிய வேலையாகிவிடுகிறது.

தகடுகளை இணைக்கும் பொருள் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச்சில் டெஸ்லா 46,096 சைபர்ட்ரக்குகளைத் திரும்ப அழைத்தது; அதுவரை அமெரிக்காவில் விற்றவற்றில் ஏறத்தாழ எல்லாமே அதில் அடங்கும். கூரையோரத்து எவர்சில்வர் பட்டையைப் பிடித்திருந்த பசை நொறுங்கும் தன்மை பெற்று, ஓடும்போதே பட்டை கழன்று விழக்கூடும் என்பதே காரணம். திருகாணி பற்றவைத்து நட்டால் முறுக்கிய புதிய பட்டை பொருத்தித் தந்தார்கள். ஐம்பதாண்டு உழைக்கக்கூடிய தகட்டை ஒன்றரை ஆண்டுகூட நிற்காத பசையால் ஒட்டியிருந்தார்கள் என்பதை எண்ணினால், தகட்டின் தடிமனைப் பற்றிய பெருமிதம் சற்றுக் குறைகிறது.

இழுவைத் திறனில் எண்கள் நெருக்கமாகவே உள்ளன. சைபர்ட்ரக்கும் ஆர்1டியும் 11,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5 டன், இழுக்கும். லைட்னிங் 10,000 பவுண்டு. இழுவை வண்டியைப் பூட்டியதும் மூன்றின் பயண தூரமும் ஏறத்தாழப் பாதியாகிறது; அதோடு பல மின்னேற்ற நிலையங்களில் நேராக உள்ளே போய் வெளியே வரும் இடம் இல்லாததால், இழுவையைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டுத்தான் செருகியைச் செருக வேண்டியிருக்கிறது. பின்பக்கச் சரக்குப் பெட்டியைப் பொறுத்தவரை சைபர்ட்ரக்கின் 6 அடி நீளமும், மோட்டாரால் இழுத்து மூடும் மேல்மூடியும் உண்மையான வசதிகள், லைட்னிங்கில் 5.5 அடி, ஆர்1டியில் 4.5 அடி. ஆனால் சைபர்ட்ரக்கின் பக்கச் சுவர்கள் அறையை நோக்கிச் சரிவாக உயர்வதால், பக்கத்தில் நின்று கைவிட்டு ஒரு பையை எடுப்பதுகூடச் சிரமம். மூடியை மூடினால் பின்கண்ணாடியும் மறைந்து, கேமராத் திரையே கண்ணாகிறது. லைட்னிங்கின் முன்மூடிக்குக் கீழுள்ள முன்பெட்டி 400 லிட்டர் கொள்வது. தினமும் கருவிகளோடு வேலைக்குப் போகிறவருக்கு அது பூட்டிய அலமாரி போன்றது. ஆர்1டியில் பின்னிருக்கைக்குப் பின்னால் வண்டியின் குறுக்கே ஓடும் சுரங்க அறை, மீன்தூண்டில் போன்ற நீளமான பொருள்களுக்கு அருமையான இடம்.

என் தேர்வு இப்படி அமைகிறது. உப்பில்லாத வறண்ட மாநிலத்தில், டெஸ்லா பணிமனை அருகில் இருக்க, வண்டியைப் பத்தாண்டு வைத்துக்கொள்ளப் போகிறவருக்குச் சைபர்ட்ரக் பொருந்தும். வாங்குமுன் அந்தக் கூரைப்பட்டை மாற்றப்பட்டதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மலைப்பாதையும் முகாமும் முக்கியமானால் ஆர்1டி, ஆனால் முழுக் காப்பீட்டோடு. கட்டட வேலைக்கோ பண்ணைக்கோ என்றால், பழைய லைட்னிங் ஒன்றையே தேடுவேன். நசுங்கினால் சரிசெய்யப் பக்கத்து ஊரில் ஆள் இருப்பார் என்பதற்காகவே.